எட்டு அங்குலப் பெருமை

மனித குல வரலாற்றை இனிமேல் இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும்: அருள்குமார் இஞ்ச் டேப்பை எடுப்பதற்கு முன், எடுத்ததற்குப் பின். நெருப்பு, சக்கரம் போன்ற சில்லறைக் கண்டுபிடிப்புகளை அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

தருமபுரியில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற அருள்குமார், பழைய வேட்டைத் துப்பாக்கிகளின் குழல் நீளத்தில் காணப்படும் 'அரிய தொழிற்சாலை மாறுபாடு'களை ஆறு வருடமாக ஆராய்ந்து வந்தார். அவர் துப்பாக்கி சுட்டதில்லை. தீபாவளிக்கு எதிர்வீட்டில் சரம் கொளுத்தினாலே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். பொருளுக்கும் ஆய்வாளருக்கும் இப்படி ஓர் இடைவெளி இருந்தால்தான் ஆராய்ச்சி நடுநிலையாக இருக்கும் என்பது அவர் கொள்கை.

தேர்தல் வந்தது. வழக்கம்போல உரிமம் பெற்ற துப்பாக்கிகளை எல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஜனநாயகத்துக்காக மற்றவர்கள் ஓட்டுப் போட்டபோது, அருள்குமார் அனுமதி வாங்கிக்கொண்டு துப்பாக்கிகளை அளந்தார். பதினான்காவதாக வந்தது வத்தல்மலை காளியின் ரைபிள். காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் காளியின் தாத்தாவுக்கு விட்டுப்போனது. பழைய விலைப்பட்டியலின்படி குழல் இருபத்தாறு அங்குலம். டேப்பின்படி பதினெட்டு.

மூன்று முறை அளந்தார். பதினெட்டுதான். அருள்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. குழல் முனையில் இருக்க வேண்டிய குறிமுள்ளைக்கூடக் காணோம். 'குறி பார்க்கவே தேவையில்லாத மாவீரர்களுக்காகச் செய்யப்பட்ட சிறப்பு வகை' என்று எழுதினார். முனையில் கோணல்மாணலாகக் கீறல்கள் இருந்தன. 'கைவேலைப்பாடு' என்று எழுதினார்.

முறைக்கு ஒரு நிபுணர் கருத்தும் வேண்டுமே என்று, லேத்துப் பட்டறை நூர் பாஷாவை அழைத்துவந்து காட்டினார். நூர் பாஷா கட்டை விரலால் முனையை ஒரே ஒரு தடவு தடவினார்.

"சார், இது ஆக்சா பிளேடு வேலைங்க. அறுத்தவனுக்குக் கை வேற நடுங்கியிருக்குது."

"நீங்க படிச்சது எதுவரைக்கும் பாய்?"

"ஏழாவதுங்க."

'உள்ளூர்க் கருத்து: ஆதாரமற்றது' என்று பதிவாகியது.

தேர்தல் முடிந்தது. மற்றவர்கள் தங்கள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார்கள். காளியின் துப்பாக்கிக்கு மட்டும், அருள்குமார் சொல்லச் சொல்ல, காவல் நிலைய அதிகாரி ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்: 'மேற்படி ஆயுதம் அரிய வகையைச் சார்ந்ததென அறிய வருவதால், மறு உத்தரவு வரும்வரை உரியவரிடம் ஒப்படைக்கலாகாது.' புரட்டாசிக்குள் இப்படி ஐந்து கடிதங்கள் சேர்ந்தன. காளி மலையிலிருந்து இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சாமை கதுரு புடிச்சிருச்சுங்க சார். பொழுது சாஞ்சா பன்னி எறங்குது. தகரத்தத் தட்டிப் பாத்தோம், அதுங்களுக்குப் பழகிப்போச்சு. துப்பாக்கிய மேல தூக்கி ஒரு சத்தம் குடுத்தாத்தான் ஓடும். இந்த வருசம் அந்தக் கொல்லைய நம்பித்தான் இருக்கறமுங்க."

"காளி, இந்த மாதிரித் துப்பாக்கி உலகத்திலேயே ஒண்ணுதான் இருக்கு, தெரியுமா?"

"எங்கிட்டயும் ஒண்ணுதாங்க இருக்குது."

இவ்வளவு பொருத்தமான பதிலைக் கேட்டும் அருள்குமார் சிரிக்கவில்லை. ஆராய்ச்சிக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு.

அடுத்த வாரம் களஆய்வுக்காக வத்தல்மலைக்கே போனார். காளியின் மனைவி ராமக்கா அடுப்பை ஊதிக் காப்பி வைத்தாள். அவள் கையில் இருந்தது கனமான ஓர் இரும்பு ஊதாங்குழல். நீளம், எட்டு அங்குலம். அதன் முனையில் ஒரு சின்ன முள் துருத்திக்கொண்டிருந்தது. ஆய்வாளரின் பார்வை அதன்மேல் இரண்டு முறை விழுந்தது, காப்பி எப்போது வரும் என்று.

"உங்க துப்பாக்கிக்குழல் எப்பவும் பதினெட்டு அங்குலம்தானா?" என்று கேட்டார்.

ராமக்கா ஊதுவதை நிறுத்திவிட்டுக் காளியைப் பார்த்தாள். காளி கூரையைப் பார்த்தார். அனுமதியில்லாமல் குழலை அறுப்பது குற்றம் என்று அவருக்குத் தெரியும். அறுத்த அப்பன் செத்துப்போனாலும் கேசு உயிரோடு இருப்பவன் தலையில்தானே விழும்?

"எனக்குத் தெரிஞ்சு அப்புடித்தாங்க" என்றார்.

'மூன்று தலைமுறைச் சான்று' என்று எழுதிக்கொண்டு அருள்குமார் மலை இறங்கினார். பன்றிகள் எழுதிக்கொண்டிருக்கவில்லை. ஒன்றரை ஏக்கர் சாமையை மூன்றே நாளில் முடித்துவிட்டன.

ஐப்பசியில் பாராட்டு விழா. மேடையில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பட்டுத்துணிமேல் துப்பாக்கி, அதற்கும் ஒரு மாலை. காளிக்கும் ராமக்காவுக்கும் பொன்னாடை போர்த்துவதற்காக அவர்களையும் வரவழைத்திருந்தார்கள். ராமக்கா பொன்னாடைக்குக் குனியவில்லை. மடியிலிருந்து ஊதாங்குழலை எடுத்தாள். மூடி திறந்திருந்த பெட்டிக்குள் கைவிட்டு, துப்பாக்கி முனையோடு சேர்த்து வைத்தாள். கோணல் கோணலோடு பொருந்தியது. மொத்தம் இருபத்தாறு அங்குலம்.

"எங்க மாமனாரு அறுத்ததுங்க. லைசென்சுக்கும் எலக்சனுக்கும் இதத் தூக்கிக்கினு பஸ்ஸுல வருவாரு. நீட்டிக்கினு எல்லாரையும் குத்துதுன்னு கண்டக்டரு ஏத்தமாட்டேன்னுட்டாரு. அறுத்துட்டாரு. மிச்சத்துலதான் நான் அடுப்பு ஊதறேன். கேசு போடறதுன்னா போட்டுக்கங்க. பயந்து காப்பாத்தறதுக்கு இனி கொல்லையில ஒண்ணுமில்ல."

அதிகாரி அருள்குமாரின் காதருகே குனிந்தார். "அறுத்ததுன்னு ஆயிட்டா, நான் கையெழுத்துப் போட்ட அஞ்சு கடிதமும் என்ன சார் ஆவறது?"

மேதைகள் இப்படிப்பட்ட நெருக்கடியில்தான் பிறக்கிறார்கள். அருள்குமார் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அவையோரே! இது வெறும் அரிய வகை அல்ல. இரண்டு பாகங்களாகவே தயாரிக்கப்பட்ட, உலகின் ஒரே வேட்டைத் துப்பாக்கி! தொலைந்துபோன இரண்டாம் பாகம் இதோ, இந்த மேடையிலேயே கிடைத்துவிட்டது!"

கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று. ஊதாங்குழலும் பட்டுத்துணிமேல் ஏறியது. பெட்டியைப் பூட்டினார்கள்.

"அப்ப எங்க ஊதாங்குழலு?" என்றாள் ராமக்கா.

"உரிய ரசீது வழங்கப்படும்மா" என்றார் அதிகாரி.

அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அருள்குமாரைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "பன்னியாச்சும் வவுறு ரொம்புனா போயிருதுங்க, சார்."

அருள்குமார் உடனே குறிப்பேட்டைத் திறந்து அதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். மேலே தலைப்பும் இட்டார்: 'பயனாளியின் நன்றியுரை.'