பிரிஜ்ஜு கப்பல் ஏறினாளா?

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்துகொண்டே அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டத்தைக் கரைத்துக் குடித்த ஒரே மனுஷி எங்கள் சாவி ஆன்டிதான். என்ன ஒன்று, அவர் குடித்த சட்டம் நூறு வருஷத்துப் பழசு. ஆன்டியிடம் பாஸ்போர்ட்டும் கிடையாது. கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் பஸ் ஏறிக் கோலாலம்பூர் வந்து இறங்கியதுதான் அவர் வாழ்க்கையின் ஆகப் பெரிய பிரயாணம்.

பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அவர் ஒரு வீடு நடத்தினார். கழுத்தில் எப்போதும் ஒரு பெரிய சாவிக் கொத்து தொங்கும். அதில் எந்தச் சாவியும் அந்த வீட்டின் எந்தப் பூட்டுக்கும் சேராது. கதவு திறக்கவில்லை என்று போய் நின்றால், கொத்தை ஒருமுறை குலுக்கிவிட்டு, "தள்ளிப் பாரு லா" என்பார். தள்ளினால் திறந்துகொள்ளும். பிறகு எதற்கு அந்தச் சாவிகள் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

எங்களையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊர்தான் பெயர். கணினி நிறுவனத்தில் வேலை கிடைத்து வந்த நான் விருதுநகர். நகைக்கடையில் நின்ற பெண் சேலம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் தைப்பிங். எங்கள் மூவரில் அவள் ஒருத்திதான் மலேசியாவில் பிறந்தவள்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, ஆன்டி அடுப்படியில் நின்று பெருமூச்சு விட்டார்.

"பிரிஜ்ஜு நேத்து பூரா அழுதுக்கிட்டே இருந்துச்சு, பாவம்."

புது வீடு. நல்ல பெயர் எடுக்க வேண்டும். நான் பழைய துணி ஒன்றைத் தேடி எடுத்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் விரித்தேன். ஆன்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து, "பிரிஜ்ஜுக்கு அவங்க அப்பா மாப்பிள்ளை பாத்துட்டாரு. அதுக்குப் பிடிக்கல" என்றார். நான் தலையாட்டினேன். வெளிநாட்டுத் தமிழ், நமக்குப் புரிய நாளாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து படியேறும்போதே ஆன்டி வாசலில் நின்று சொன்னார். "எல்லாம் முடிஞ்சிருச்சி விருதுநகர். பிரிஜ்ஜ கப்பல்ல ஏத்திட்டாங்க."

"ஐயோ ஆன்டி, என் தயிர் உள்ள இருக்கே!"

பையைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். ஃப்ரிட்ஜ் இருந்த இடத்திலேயே இருந்தது. தயிரும் இருந்தது. சேலமும் தைப்பிங்கும் சாப்பாட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

அன்றைக்குத்தான் அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். முன்பு குடியிருந்த ஒரு பெண் விட்டுப்போன தடித்த ஆங்கில நாவல். அயர்லாந்தின் ஒரு மூலையில் பிறந்த பிரிஜெட் என்கிற பெண் கப்பல் ஏறி அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகும் கதை. ஆன்டி வாயில் அவள் பிரிஜ்ஜு. பல் டாக்டர் ஒருவரிடம் இருபது வருஷம் அப்பாயின்ட்மென்ட் எழுதிக்கொடுத்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை ஓட்டி, ஆன்டி தினமும் இரண்டே பக்கம் படிப்பார். சாப்பாட்டு மேஜையில் அதைத் தமிழில் எங்களுக்குச் சொல்வார். சொல்லும் தோரணையைப் பார்த்தால், எதிர்வீட்டு ஜன்னல் வழியாக நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்வதுபோல் இருக்கும்.

சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் வாழ்க்கையையும் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் நடத்தினார்.

என் வேலை பெர்மிட்டுக்கு மருத்துவப் பரிசோதனை வந்தது. ஆன்டி பதறிப்போனார்.

"கண்ணைத்தான் மொதல்ல பாப்பாங்க. இமையைத் திருப்பிப் பாப்பாங்க. செவப்பா இருந்துச்சின்னா அடுத்த கப்பல்லயே திருப்பி அனுப்பிருவாங்க."

"ஆன்டி, நான் ஃப்ளைட்ல வந்தேன்."

"கண்ணு ஒண்ணுதானே லா?"

நான் வாயைத் திறப்பதற்குள், சாமி அலமாரியில் இருந்த பன்னீரை எடுத்து என் இரண்டு கண்ணிலும் ஊற்றிவிட்டார். அது அபிஷேகத்துக்கு வைத்திருந்த பன்னீர். கிளினிக் போய்ச் சேர்வதற்குள் கண்கள் தக்காளிப் பழமாகிவிட்டன. டாக்டர் தமிழர்.

"கண்ணுல என்னம்மா போட்ட?"

"பன்னீர், டாக்டர்."

"எதுக்கு?"

"பிரிஜ்ஜுக்குக் கண்ணு செவந்தா திருப்பி அனுப்பிருவாங்களாம், அதான் ஆன்டி..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஃப்ரிட்ஜுக்கா?"

மூன்று நாள் கழித்து வரச்சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னேன். ஆன்டிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? கண்ணைத்தான் மொதல்ல பாப்பாங்கன்னு சொன்னேனா இல்லையா?"

பாஸ்டன் நகரத்தில் பிரிஜ்ஜுக்குக் காய்ச்சல் கண்டபோது ஆன்டி எங்களைக் கோயிலுக்கு இழுத்துப்போனார். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் கும்பகோணத்துக்காரர், வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"பேரு?"

"பிரிஜெட்."

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"புத்தகத்துல போடல சாமி."

"கோத்திரம்?"

"ஐரிஷ்."

புது ஊர், புது வேலை, நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற என்னுடைய அதே கவலை அவருக்கும் இருந்திருக்க வேண்டும். ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு "ஐரிஷ் கோத்ரோத்பவாயா" என்று கணீரென்று ஆரம்பித்துவிட்டார். மறுநாள் படித்த பக்கத்தில் பிரிஜ்ஜுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. ஆன்டி பொங்கல் வைத்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போன கதை, ஒரு இடத்தில் வந்து நின்றது. பிரிஜ்ஜுக்கு அவள் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்கு வா, போதும். கடிதத்தோடு கப்பல் டிக்கெட். அவளோ வேலையில் அப்போதுதான் கால் ஊன்றியிருந்தாள். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு துறைமுகத்தில் நிற்கிறாள். அந்த இடத்தில் ஆன்டி புத்தகத்தை மூடினார்.

"ரெண்டு பக்கம் ஆச்சி."

மறுநாளும் படிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. "மிச்சத்த நானே தனியா படிச்சிட்டுச் சொல்றேன்" என்றார்.

எனக்கு அது பெரிய இம்சையாகிவிட்டது. காரணம், என் ஒப்பந்தமும் அந்த மாதம் முடிகிறது. நிறுவனத்தில் கிள்ளான் ஊர்க் கிளைக்கு மாற்றி, மேலும் இரண்டு வருஷம் இருக்கச் சொன்னார்கள். அம்மா தினமும் போனில், "சம்பாதிச்சது போதும்டி, வந்துரு. நல்ல எடமா வந்திருக்கு" என்றாள். காலையில் போக வேண்டும் என்று தோன்றும். மத்தியானம் இருக்க வேண்டும் என்று தோன்றும். சாயங்காலம் என்ன தோன்றியது என்பதே மறந்துபோகும். பெட்டியை இறக்கித் துடைத்து, திரும்பப் பரண்மேல் வைத்தேன். இரண்டு நாளில் மறுபடி இறக்கினேன். ஒரு முடிவு எடுக்கத் தெரியாத நான், கதையில் வரும் ஒரு பெண்ணாவது எடுத்துத் தொலைக்க மாட்டாளா என்று ஏங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்டி பாசாரிலிருந்து வாங்கிவந்த நெத்திலியைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆன்டி, பிரிஜ்ஜு கப்பல் ஏறினாளா இல்லையா?"

"உனக்கு எதுக்கு?"

"சும்மாதான்."

ஆன்டி என் முகத்தைப் பார்த்தார். "நேத்து ஃப்ளைட் டிக்கெட் பாத்துக்கிட்டு இருந்தியே, எடுத்துட்டியா?"

"இல்ல. மூடி வச்சிட்டேன்."

"முந்தாநாளு?"

"அன்னைக்கும் மூடி வச்சிட்டேன்."

இரண்டு நெத்திலியின் தலை போயிற்று. பிறகு ஆன்டி சொன்னார். "பிரிஜ்ஜு டிக்கெட்ட நாலா கிழிச்சி கடல்ல போட்டுருச்சி."

"அவ அப்பா?"

"கொஞ்ச நாளு பேசல. அப்புறம் அவரே லெட்டர் போட்டாரு. அப்பா அம்மாலாம் அப்படித்தான் லா. நீ இத மத்ததுங்ககிட்ட சொல்லிறாத. அதுங்களா வந்து கேக்கட்டும்."

அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் செய்து, இரண்டு வருஷம் இருக்கப்போகிறேன் என்று சொன்னேன். அம்மா பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாவது நாள், அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டுத் தானே கூப்பிட்டாள். அதற்கு முன்பே நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு மாறியிருந்தேன். கொஞ்ச நாளில் சேலம் ஊருக்குத் திரும்பிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். தைப்பிங்கை அவள் வீட்டார் சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே வரச்சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியிலோ விடமாட்டோம் என்றார்கள். அவள் இரண்டையும் விட்டுவிட்டு நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போனாள். எந்த நாடு என்கிறீர்கள்? அயர்லாந்து!

போன மாதம்தான் மூவரும் மறுபடி சந்தித்தோம். சேலம் புருஷனோடு சுற்றுலா வந்திருந்தாள், தைப்பிங்குக்கு லீவு. சேலத்தின் புருஷனை ஹோட்டலில் தூங்கவிட்டுவிட்டு, நாங்கள் மட்டும் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ரசம் வந்த நேரத்தில் நான் பழைய ஞாபகத்தில் சொன்னேன்.

"பிரிஜ்ஜு மட்டும் அன்னைக்கு டிக்கெட்டக் கிழிக்காம இருந்திருந்தா நான் இங்க இருந்திருக்க மாட்டேன்."

சேலம் அப்பளத்தை இலையில் வைத்தாள். "கிழிச்சாளா? அவ கப்பல் ஏறினாடி. ஊருல போயி எறங்கறப்ப அப்பா கரையில நின்னு கையாட்டினாரு. ஆன்டி சொல்லி நானும் அழுது, அன்னைக்கே எங்க அப்பாவுக்குப் போன் பண்ணேன்."

"ரெண்டு பேரும் என்ன லா பேசுறீங்க?" என்றாள் தைப்பிங். "டிக்கெட்ட வித்துட்டு, ரயிலு ஏறி வேற ஊருக்குப் போயிருச்சி. அதக் கேட்டுத்தானே நான் அப்ளிகேஷனே போட்டேன்?"

மூன்று பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். பரிமாறுகிறவர் வந்து மோர் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டார். கையைக் கழுவிக்கொண்டு நேரே பூமாலைக் கடை மாடிக்குப் போனோம்.

கதவைத் தட்டவில்லை. தள்ளினோம்.

ஆன்டிக்கு முடி நரைத்திருந்தது. மற்றபடி அதே சாவிக் கொத்து. நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"மூணும் சரிதான்" என்றார்.

"எப்படி ஆன்டி மூணும் சரியா இருக்கும்?" சேலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "எதுதான் நெசம்?"

தைப்பிங் அலமாரியில் இருந்த புத்தகத்தை எடுத்தாள். பக்கமெல்லாம் மஞ்சள் கறை, சம்பால் எண்ணெய், விரல் தடம். துறைமுகம் வரும் இடம் வரைக்கும்தான் அப்படி. அதற்கு மேல் ஒரு முப்பது, நாற்பது பக்கம் கடையில் வாங்கியதுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"ஆன்டி," என்றேன், "நீங்க கடைசி வரைக்கும் படிக்கவே இல்லையா?"

"எதுக்கு லா படிக்கணும்?" ஆன்டி புத்தகத்தை வாங்கி முந்தானையால் துடைத்தார். "முடிவு தெரிஞ்ச கையோட நீங்க மூணு பேரும் பொட்டியக் கட்டிட்டீங்க. பிரிஜ்ஜு ஒண்ணாச்சும் வீட்டுல இருக்கட்டும்."

ஆன்டி புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு, அடுப்படிப் பக்கம் நடந்துகொண்டே திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"சாப்டீங்களா?"

வாழையிலைச் சாப்பாடு கழுத்துவரைக்கும் நின்றது.

"இன்னும் இல்ல ஆன்டி" என்றோம் மூவரும்.