வந்துட்டேன்காரரின் மணிக்கயிறுகள்

எனக்கு அழகாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். ஆனாலும் இந்த மனிதரைப் பற்றி யாராவது எழுதத்தானே வேண்டும்.

காஞ்சிபுரத்தில் எத்தனை மணி உண்டோ அத்தனையும் தன்னைக் கூப்பிடத்தான் அடிக்கிறது என்று நம்பிய ஆள் அவர் ஒருவர்தான். கோயில் மணி, பள்ளிக்கூட மணி, குல்பி வண்டி மணி, எது அடித்தாலும் "வந்துட்டேன்" என்பார். எங்கள் தெருவில் அதுவே அவர் பெயராகிவிட்டது. வந்துட்டேன்காரர். சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்களுடையது இரண்டு குடித்தனத்துக்கும் ஒரே வாசல் வைத்த வீடு. கீழே ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் அவருடைய அம்மா, மாடி அறையில் அவர். பெங்களூர் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. கொரோனா காலத்தில் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள் அல்லவா, அப்போது வந்தவர். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து எழுந்து நடக்க முடியாமல் போனதால் இங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. சாப்பாடு என் அடுப்பில். அவர் அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குத் தலை வாரி, துணி மாற்றி விடுவதும் நான்தான்.

என்ன வேலைப்பா பார்க்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சாம்பார் ஆறிப்போகிற வரை சொன்னார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி வைப்பார்கள். பூ எங்கே விழவேண்டும் என்று பார்த்து நூலைத் தூக்குகிற பெட்டி. முன்பு அதற்கு ஓட்டை போட்ட அட்டை, இப்போது கம்ப்யூட்டர். நெசவாளி மிதியை மிதித்ததும் பெட்டி கம்ப்யூட்டரைக் கூப்பிட வேண்டும். அது கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு வந்து, இந்தத் தடவை எந்த நூலைத் தூக்குவது என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். அப்படிக் கூப்பிடுவதற்கு இன்டரப்ட் என்று பேராம். கம்ப்யூட்டருக்குள்ளே எல்லாவற்றுக்கும் மேஸ்திரியாக கெர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். பெட்டி கூப்பிட்டால் அந்த மேஸ்திரி எப்படிப் போய்க் கேட்பது என்று எழுதுவதுதான் இவர் வேலை.

"மணி அடிச்சா போறது, அதானே?" என்றேன்.

"அவ்ளோதான் அத்த. அதுக்குத்தான் சம்பளம்" என்றார்.

அந்த வேலை அவர் உடம்பிலும் ஏறிவிட்டது. மாடி மேஜைக்கு மேலே மூன்று மணிகளைக் கட்டி, கயிறுகளைக் கீழே இறக்கினார். வாசலுக்கு சைக்கிள் மணி. அம்மா கட்டிலுக்குப் பூஜை மணி. என் சமையலறைக்கு மாட்டு மணி. எனக்கு மட்டும் ஏன் மாட்டு மணி என்று மனத்தாங்கலோடு கேட்டேன். "சத்தம் வேற வேறயா இருக்கணும் அத்த. யார் கூப்டதுன்னு தேடிக்கினு இருக்க முடியாது பாருங்க" என்றார். தெருவில் அதற்கப்புறம் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கழுத்தைப் பார்த்தார்கள்.

மணி அடித்ததும் என்ன செய்துகொண்டிருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவார். பாதி சவரத்தோடு ரேஷன் கடையில் நின்றவரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கன்னம் சந்நியாசி, ஒரு கன்னம் மாப்பிள்ளை. வந்த இடத்தில் முழு வேலையையும் செய்யமாட்டார். கேஸ்காரர் வந்தால் சிலிண்டரை வாங்கி நடையில் உருட்டிவிட்டு, மாட்டுவதெல்லாம் அப்புறம் என்று மாடிக்குப் போய்விடுவார். நாங்கள் நாளெல்லாம் சிலிண்டரைத் தாண்டித் தாண்டி நடப்போம்.

இன்னொன்று, பேச்சைப் பாதியில் விட்டால் விட்ட வார்த்தையிலிருந்துதான் மறுபடி தொடங்குவார். ஒருநாள் காலையில் "இந்தப் பால் வெல இருக்குது பாருங்க" என்று சொல்லும்போது சைக்கிள் மணி அடித்தது. போய்விட்டார். சாயங்காலம் நான் வாசலில் கோலமாவுக்காரியோடு பேசிக்கொண்டு நிற்கிறேன், பின்னாலிருந்து "ரொம்ப ஏறிடுச்சு" என்று குரல் வருகிறது. கோலமாவுக்காரி தன்னைச் சொல்கிறார் என்று சண்டைக்குப் போய்விட்டாள்.

கோயிலுக்குக் கூட்டிப்போனதும் தப்பாகப் போனது. தீபாராதனை நேரம், மணியடித்ததும் கூட்டத்தின் நடுவிலிருந்து "வந்துட்டேன்" என்றார் உரக்க. குருக்கள் கையில் தட்டு ஆடிவிட்டது. அம்பாளே திரும்பிப் பார்த்திருப்பாள்.

யாரும் கூப்பிடக்கூடாத நேரம் என்று சில உண்டு. அப்போது மாடிப்படியில் சிவப்புத் துண்டு தொங்கும். துண்டு இருந்தால் வாசல் மணிக்கும் என் மாட்டு மணிக்கும் மதிப்பில்லை. அம்மா மணியை மட்டும் எந்தத் துண்டாலும் மறைக்க முடியாது. "சில மணி அப்படித்தான் அத்த. கம்ப்யூட்டர்லயும் அப்படி ஒண்ணு இருக்குது" என்பார்.

அந்த மணிதான் அவரை வதைத்தது.

அக்காவுக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பத் தொடங்கிய பிறகு கயிற்றை விடவே மாட்டார்கள். மணி அடிக்கும். இவர் தடதடவென்று இறங்கி வந்து கதவருகே நின்று, "வந்துட்டேம்மா, என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல, நீ போ" என்பார்கள். மாடி ஏறி நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார், மறுபடி மணி. தண்ணீரா, இல்லை. போர்வையா, இல்லை. படி ஏறி இறங்கியே மனிதர் பாதியாகிவிட்டார்.

அதே சமயம் மாடியிலும் அதே கூத்து. சோதனைக்காக ஒரு பெட்டியை மிதியோடு கொண்டுவந்து வைத்திருந்தார். சில மத்தியானங்களில் என்னை மிதிக்கச் சொல்வார். நான் ஒரு தடவை மிதித்தால் போதும், பெட்டி கம்ப்யூட்டரை ஓயாமல் கூப்பிடும். கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லாம் ஸ்தம்பித்துவிடும். கம்பெனியில் பொறுமை இழந்துவிட்டார்கள். இந்த மாதத்துக்குள் சரி செய்யாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சம்பளத்தில்தான் அம்மாவின் மருந்தும் எங்கள் அடுப்பும்.

பக்கத்து ஊர் முசரவாக்கத்தில் கட்டிக்கொடுத்த அவருடைய மூத்த சகோதரி வந்தார். வந்த அன்றே அவர் காதும் அடைத்துவிட்டது.

"கயித்த அவுத்துடுடா. அம்மாவுக்குத்தான் எதுவும் வேணாம்ல. வேலையும் போயிட்டா ரெண்டு பேரும் எங்க போவீங்க?"

மறுநாள் காலையில் நான் காபி கொண்டுபோனபோது பூஜை மணி மேஜைமேல் கிடந்தது. கயிறு மட்டும் கீழே தொங்கியது. அவர் திரையைப் பார்த்தபடியே டம்ளரை வாங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. கீழே அக்கா கயிற்றை இழுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். இழுப்பார்கள், கதவைப் பார்ப்பார்கள், மறுபடி இழுப்பார்கள். நான் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்தார்கள்.

மத்தியானம் அவர் என்னைக் கூப்பிட்டு மிதியை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். வழக்கம்போல ஸ்தம்பித்தது. திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. அதையே திரும்பத் திரும்பப் படித்தார். என்னப்பா எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"யாரும் கவனிக்கலையாம்."

"கம்ப்யூட்டரா அப்படிச் சொல்லுது?"

"ஆமா அத்த. ஒரு மணி அடிச்சிக்கினே இருந்து, எதுக்குன்னு யாரும் பாக்கலன்னா, கெர்னல் இந்த வரிய எழுதிட்டு அந்த மணிய மூடிடும். அப்புறம் அது எவ்ளோ கூப்டாலும் கேக்காது."

சொல்லிவிட்டு மேஜைமேல் கிடந்த மணியைப் பார்த்தார். பிறகு எழுந்து இறங்கினார். அன்றைக்கு ஓடவில்லை, மெதுவாக இறங்கினார். கதவருகே நிற்கவில்லை. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, கயிறு பிடித்த கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கும்மா கூப்ட்டுக்கினே இருக்க?"

அக்கா அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்கள். சவரம் செய்யாத கன்னம். "நீ வர்ற. மூஞ்சிய சரியா பாக்கலாம்னா, அதுக்குள்ள போயிட்ற" என்றார்கள்.

அன்று சாயங்காலமே மேஜை, கம்ப்யூட்டர், பெட்டி எல்லாம் கீழே வந்தன. அம்மா கட்டிலை ஒட்டி மேஜை. அம்மாவின் கை அவர் தோளில். மணி தேவைப்படவில்லை.

சில நாளில் பெட்டியும் சரியாகிவிட்டது. என்னப்பா தப்பு என்று கேட்டேன். "பெட்டி கூப்ட்டா, அதுக்கும் கெர்னலுக்கும் நடுவுல இருக்கறவன்கிட்ட 'கேட்டாச்சு'ன்னு சொல்லிட்டு வந்துக்கினு இருந்தேன் அத்த. பெட்டிகிட்டயே போயி, எதுக்குக் கூப்ட்டன்னு பாத்து, அங்க தீத்துட்டு வரணும். இல்லன்னா அது எப்படி நிறுத்தும்?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அக்கா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். தோளில் வைத்த கை அப்படியே இருந்திருக்கிறது. அவர் அசையாமல் வெகுநேரம் வேலை பார்த்திருக்கிறார், அம்மா தூங்குகிறார்கள் என்று.

எடுத்துப்போகும்போது வாசலில் சங்கு ஊதி, சேகண்டி அடித்தார்கள். முதல் அடி விழுந்ததும் "வந்துட்டேம்மா" என்றார். தெருவே அவரைக் கேலி செய்த வார்த்தை. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. கோலமாவுக்காரிதான் முதலில் அழுதாள்.

காரியம் முடிந்த பிறகு கம்பெனி அவரைப் பெங்களூருக்கே கூப்பிட்டுவிட்டது. மணிகளைக் கழற்றினார். பூஜை மணியைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு, மாட்டு மணியை மட்டும் எனக்கே விட்டுவிட்டார். ஆட்டோ வந்து நின்றது. என் எதிரில் வந்து நின்று, "அத்த, உங்களுக்கு நான்" என்று தொடங்கினார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கேட்க வேண்டுமா? "வந்துட்டேன்" என்று ஓடிப்போய் ஏறிவிட்டார்.

இதில் கம்ப்யூட்டர் விஷயத்தை நான் தப்பாக எழுதியிருக்கலாம். எந்த மணியை யார் மூடுகிறார்கள் என்பதிலெல்லாம் எனக்கு இன்னும் குழப்பம்தான். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொன்னால் நல்லது. அவரே படிக்க நேர்ந்து, அவரே வந்து திருத்தினால் இன்னும் நல்லது. அவர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, திரும்பி வந்து முடிக்காமல் இருந்ததே இல்லை. மாட்டு மணியைத் துடைத்து ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.