காற்றுப் புகாத மூடி

கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள். சிலர் சாப்பிடாமல் படுத்துவிடுவார்கள். நான் கையில் கிடைத்ததை இறுக்குவேன். நட்டு, போல்ட்டு, குழாய், எதுவானாலும் சரி. நான் இறுக்கியே கெடுத்த சாமான்கள் கொல்லையில் ஒரு மூலை நிறையக் கிடக்கின்றன. அந்த மூலைக்குப் போகாமல் தப்பித்தது என் முதல் கார் மட்டும்தான். அதுவும் என் புத்தியால் தப்பிக்கவில்லை.

கார் வாங்கியதே கோபத்தில்தான். தங்கையின் வளைகாப்புக்கு நானும் என் மனைவி செல்வியும் சீர்த்தட்டுகளோடு பஸ்ஸில் போய் இறங்கினோம். தங்கை புருஷன் பந்தல் வாசலில் நின்றுகொண்டு, "என்ன மச்சான், தட்டுக்கும் டிக்கெட் எடுத்தீங்களா?" என்றான். பந்தலே சிரித்தது. (சிரிக்காதவர்கள் வாயில் வெற்றிலை இருந்தது.) அடுத்த விசேஷத்துக்குக் காரில்தான் வந்து இறங்குவேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அடுத்த விசேஷம், பிறந்த பெண் குழந்தைக்குக் காதுகுத்து. பேராவூரணியில், அவர்கள் குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். போடவேண்டிய தோடும் என் சட்டைப் பையில் இருந்தது. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் நான் போகாவிட்டால் என் தங்கை அந்த வீட்டில் காலம் முழுக்கப் பேச்சு கேட்கவேண்டும்.

திருவாரூர் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து விடிந்ததும் கிளம்பினோம். கார் எனக்கு முன்னால் பல பேரைப் பார்த்த பழைய பெட்ரோல் வண்டி. பெட்ரோல் காட்டும் முள் செத்துப்போயிருந்தது. டேங்குக்குள் மூங்கில் குச்சியை விட்டுத்தான் அளவு பார்ப்பேன். டேங்க் மூடியையும் அந்த வாரம்தான் தொலைத்திருந்தேன். அதனால் என்ன? நான் பம்புசெட்டோடு வளர்ந்தவன். உறிஞ்சுகுழாயில் ஊசிமுனை அளவு காற்று புகுந்தால்கூடத் தண்ணீர் ஏறாது. சாணியை அப்பியாவது ஓட்டையை அடைப்போம். பெட்ரோலும் அப்படித்தானே ஏறும்? டேங்க் வாயில் சைக்கிள் டியூப் ரப்பரை இரண்டு மடிப்பாகப் போட்டு, கிளிப் மாட்டி, காற்று புகாமல் இறுக்கினேன். (கார் செய்தவனுக்கே தோன்றாத வேலை என்று பெருமை வேறு.)

மன்னார்குடி தாண்டி வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைத் தட்டினேன். கிளிப்பைக் கழற்றிக் குச்சி விட்டுப் பார்த்தேன். பெட்ரோல் நிறைய இருந்தது. குச்சியைத் தோளில் கிடந்த பட்டுத் துண்டில் துடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். கிளம்பிவிட்டது.

"பேட்டரி ஒயர்தான். நான் அப்பவே நெனச்சேன்" என்றேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று மூடியை இன்னொரு சுற்று இறுக்கினேன்.

மதுக்கூர் போவதற்குள் மறுபடி நின்றது. இந்த முறை பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். குச்சி விட்டுப் பார்த்தேன். துண்டில் துடைத்தேன். கிளம்பியது. "பிளக்குதான்" என்றேன். எங்கேயோ காற்று புகுகிறது என்ற சந்தேகமும் வந்ததால் மூடிமேல் இன்னொரு ரப்பரைப் போட்டு இறுக்கினேன்.

மூன்றாவது தடவை நின்றபோது பட்டுக்கோட்டையே வரவில்லை. வயல் நடுவே ரோடு, நிழலில்லை. போன் அடித்தது. தங்கை புருஷன்.

"மச்சான், ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு. மடி எங்க இருக்கு?"

"வந்துக்கிட்டிருக்கேன் மாப்ள."

"பஸ்ஸா?"

போனை வைத்துவிட்டேன்.

"ஏங்க, பின்னாடியே பஸ்ஸு வருதுங்க. கைய காட்டவா?" என்றாள் செல்வி.

"பஸ்ல போறதுக்கு இந்த வண்டிய இங்கயே கொளுத்திட்டு நடந்து போவேன்."

பஸ் போய்விட்டது. நான் கிளிப்பைக் கழற்றினேன். ரப்பர் உள்பக்கமாகக் குழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்ததும் 'புஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. செல்வி இறங்கி வந்தாள்.

"ரெண்டு தடவையும் இதத் தொறந்த பொறவுதான் வண்டி கெளம்புச்சு. நீங்க இறுக்க இறுக்கச் சீக்கிரம் நிக்குது."

"பம்புசெட்டப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"எண்ணெ டின்னப் பத்தித் தெரியும். ஒரு ஓட்ட போட்டுக் கவுத்தா எண்ணெ வருமா? காத்து போக இன்னொரு ஓட்ட வேணாமா?"

கையிலிருந்த ரப்பரைத் திருப்பிப் பார்த்தேன். பம்புசெட்டில் அடைக்கவேண்டியது குழாயை. நான் அடைத்தது கிணற்றை.

மூடியை வயலில் வீசினேன். ஆனால் திறந்த டேங்கோடு ஓட்டினால் பெட்ரோல் தளும்பிக் கொட்டும். தோளில் கிடந்த பட்டுத் துண்டைச் சுருட்டித் தளர்வாகச் செருகினேன். சாவியைத் திருப்பினேன். அதன் பிறகு வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை. பேராவூரணி வரை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். கோயில் வாசலில் பிரேக் போட்டபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது.

காரில் வந்து இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். துண்டில்லாமல் தாய்மாமன் உட்காரலாமா? டேங்கிலிருந்து உருவி, பிழிந்து, தோளில் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு காதையும் குத்தினார். அழுவதற்கு ஊசி வரும்வரை குழந்தை காத்திருக்கவில்லை. என் நாற்றத்துக்கே அழ ஆரம்பித்துவிட்டது. தோடு போட்டு முடிந்தது. ராகுகாலத்தை ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்தபோது பூசாரி கற்பூரம் எரிகிற தட்டோடு நேரே என்னிடம் வந்தார்.

"ஐயோ சாமி, கிட்ட போவாதீங்க! அண்ணன் பத்திக்கிரும்!" என்று தங்கை அலறினாள். யாரோ குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். பூசாரி தட்டோடு பின்பக்கமாகவே நடந்து கருவறைக்குள் போய்விட்டார். மண்டபத்தில் நான் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

தூரத்திலிருந்து தங்கை புருஷன் கேட்டான். "மச்சான், கார்ல வந்தீங்களா, டேங்கர் லாரில வந்தீங்களா?"

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எந்த விசேஷமானாலும் எனக்கு ஆரத்தி காட்டுவது அவள் வேலை. போன பொங்கலுக்கும் தட்டை ஒரு கையில் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குனிந்து என் துண்டை மோந்து பார்த்தாள். "மாமா இன்னிக்கி பத்திக்காதும்மா!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டுத்தான் தட்டை நீட்டினாள். வீடே சிரித்தது. செல்வி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

எனக்கு வந்தது கோபம். துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.