இரண்டாம் இடத்துக்காரிக்குப் போர்த்திய பொன்னாடை

ஆங்கிலம் தெரிந்த ஆள் என்று ஊரில் பெயர் எடுத்துவிட்டால் ஒரு நோய் பிடிக்கும்: 'தெரியாது' என்ற சொல் எந்த மொழியிலும் வாயில் வராது. எனக்கு அந்த நோய் இருபத்தாறு வயதிலேயே முற்றியிருந்தது.

அப்போது நான் பனிச்சங்கேணிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. கல்குடாக் கடற்கரையில் விடுமுறைக்கு வந்து தங்கியிருந்த ஜப்பான்காரப் பெண்மணி ஒருவர் ஒருநாள் காரில் எங்கள் பக்கம் வந்தார். பிள்ளைகள் தையல் விட்ட பந்தோடு வலைப்பந்து விளையாடுவதைக் கண்டு இறங்கி, அரைமணி நேரம் வெயிலில் நின்று பார்த்தார். இரண்டு நாளில் பத்துப் புதுப் பந்துகளும் வலைகளும் வந்து இறங்கின. அவர் ஓய்வுபெற்ற தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர் என்பதைப் பந்துகளைக் கொண்டுவந்த கார்ச் சாரதிதான் சொன்னார்.

அதிபருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "டீச்சர், இவவுக்கு ஒரு பாராட்டு விழா வைக்காட்டி ஊர் என்ன சொல்லும்? வாழ்த்துமடல் நீங்கதான் எழுதோணும். கோல்ஃப் பத்தித் தெரியும்தானே?"

"ஓம் சேர்" என்றேன். (கோல்ஃப் என்பது பணக்காரர் வெயிலில் நடப்பதற்குக் கண்டுபிடித்த சாட்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.)

சாரதி எழுதித் தந்த பெயரைக் கைத்தொலைபேசியில் தட்டினேன். வெற்றிகள் வந்து கொட்டின. கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஒரு படமும் இருந்தது. இரவிரவாக எழுதினேன். 'உதயசூரியன் நாட்டின் ஒப்பற்ற வீராங்கனையே' என்று தொடங்கி, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு எதுகையோடு இரண்டு பக்கம்.

வாழைச்சேனையில் அச்சுக்கடை வைத்திருந்த என் அண்ணன் அதைப் படத்தோடு அச்சடித்துச் சட்டம் போட்டான்.

"புள்ள, ஆள் இவதானா? நல்லாப் பாத்தியா?"

"தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருக்கக்குள்ளதான் பாத்தன். பேர் சரி, நாடு சரி, விளையாட்டும் சரி. மறுகா வேற என்ன வேணும்?"

விழாவன்று அந்த அம்மா நேரத்துக்கு முன்னே வந்துவிட்டார். அதிபரின் அறையில் தேநீர் குடிக்கும்போது, தடுமாறும் ஆங்கிலத்தில், "உங்கள் வலைப்பந்து அணி எப்படி?" என்று கேட்டார். வலயமட்டப் போட்டியில் எல்லா ஆட்டத்திலும் தோற்றுக் கடைசியாக வந்ததையும், பிள்ளைகள் இனி விளையாட மாட்டோம் என்று நிற்பதையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது" என்றார். தோற்றதைச் சொன்னால் ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மேடையில் நான் வாழ்த்துமடலை ஒவ்வொரு பந்தியாகத் தமிழில் வாசித்து, பிறகு அவருக்காக ஆங்கிலத்திலும் சொன்னேன். தமிழுக்குத் தலையாட்டிச் சிரித்தவர், ஆங்கிலம் தொடங்கியதும் சிரிப்பை அப்படியே நிறுத்திவைத்தார். மூன்றாவது கிண்ணத்தில் என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "மன்னிக்கவும், அது நான் இல்லை" என்றார்.

அதற்குள் அதிபர் பொன்னாடையைப் போர்த்தி, சட்டம் போட்ட மடலையும் கையில் கொடுத்துவிட்டார். அந்த அம்மா படத்தைப் பார்த்தார். "இவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதினால் வேறு வேறு. ஆங்கிலத்தில் ஒன்றுதான். ஒரேயொரு முறை நான் வெல்லப் பார்த்தேன். அன்றைக்கு என்னைத் தோற்கடித்தவர் இவர்தான்."

என் காதுக்குள் கடல் இரைந்தது.

"என்ன டீச்சர் சொல்றா?" என்றார் அதிபர்.

"சரியான சந்தோசமாம் சேர்."

(முதல் பொய்தான் கடினம். அடுத்தவை தாமாக வரிசையில் வந்து நிற்கும்.)

அவர் பேச எழுந்தார். ஒவ்வொரு வசனமாக நான் தமிழில் சொல்ல வேண்டும். தொழில்முறைத் தேர்வில் நான்கு தரம் தோற்றுத்தான் ஐந்தாம் தரம் தேறினேன் என்று நான்கு விரலைக் காட்டினார். விரலைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்களே! "நாலு கண்டத்திலும் விளையாடியிருக்கிறாராம்" என்றேன். கைதட்டல். அந்தப் பெரிய ஆட்டத்தில் தன் பந்து குழிக்கு இவ்வளவு முன்னால் நின்றுவிட்டது என்று பெருவிரலையும் சுட்டுவிரலையும் நெருக்கிப் பிடித்தார். "தான் செய்தது இவ்வளவு சின்ன உதவிதானாம்" என்றேன். அந்த அடக்கத்தைக் கண்டு பெற்றோர்கள் உருகிப்போனார்கள்.

பிறகு அவர் வலைப்பந்துப் பிள்ளைகள் இருந்த வாங்கைப் பார்த்துத் திரும்பினார். குரல் இறங்கியது.

"பதினான்கு வருடம் விளையாடினேன். ஒரு தரமும் வெல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அழுதேன். ஆனால் அடுத்த கிழமை மறுபடி மைதானத்தில் போய் நின்றேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. கடைசியாக வந்த உங்களிடம் இதைச் சொல்லத்தான் வந்தேன்."

எங்கள் அணித்தலைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்ன சொன்னார் என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தாள். இப்போதும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாழ்த்துமடல் பொய்யாகும், அதிபர் முகம் சிறுக்கும், ஆங்கில டீச்சரின் மரியாதை கப்பலேறிப் போய்விடும். மூன்றாவது காரணம்தான் உண்மையான காரணம்.

"நல்லாப் படித்து, நீங்களும் என்னைப்போல முதலிடத்துக்கு வரவேண்டும் என்கிறார்" என்றேன்.

அதிபர் தொடக்கிவைத்த கைதட்டல் மண்டபம் முழுவதும் பரவி ஓய நேரம் எடுத்தது. அந்த அம்மா திகைத்து நின்றார். பிறகு இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

கார் வரை கூடப் போனேன். "எல்லாவற்றையும் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். பதற்றத்தில் தமிழில்.

அது அவருக்கு விளங்கியது. "ஒரு தரமும் வெல்லாதவளுக்கு இப்படி யாரும் கைதட்டியதில்லை" என்று சொல்லி, மற்றவளின் படம் போட்ட அந்தச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து படம் மாறிய கதையையும் விரல்களை மாற்றிச் சொன்ன கதையையும் மட்டும் அண்ணனிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்று தொடங்கிய பகிடி இன்னும் ஓயவில்லை. என் மகள் வகுப்பில் முதலாவதாக வந்தாள் என்றால், "வந்தது நீதானா, இல்லாட்டி மற்றவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாமன் பரிசு கொடுப்பான். கல்யாண வீடுகளில்கூட அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். சொல்கிறேன். நான்கு விரலோடும் பெருவிரலோடும் நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் அணித்தலைவி அதன்பிறகு பந்தைத் தொடவேயில்லை. அந்தப் பத்துப் பந்துகளில் ஏழு, நான் இடமாற்றம் பெற்றுப் போகும்வரை அலுமாரிக்குள் புதிதாகவே கிடந்தன.

ஒவ்வொரு புதுவருடத்துக்கும் ஜப்பானிலிருந்து வாழ்த்து அட்டை வரும். இப்போது அவர் பயிற்சித் திடல் ஒன்றில் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாராம். தோற்று அழும் பிள்ளைகளிடம், தோற்றவளுக்காகக் கைதட்டிய இலங்கைப் பிள்ளைகளின் கதையைச் சொல்வாராம். அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப மட்டையை எடுக்கிறார்களாம்.

பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். 'நீங்கள் சொன்னதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை' என்பது ஆங்கிலத்தில் மிகச் சுலபமான வசனம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் எழுத வரும். நான் இன்னும் 'நன்றி, நலம்' என்றுதான் எழுதி அனுப்புகிறேன்.