பன்னிரண்டு கசகசாவும் ஒரு டீசல் இன்ஜினும்

நேத்து ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பெட்டியைப் பிரிக்கணும், ரயில் இன்ஜினை எடுத்துத் தண்டவாளத்துல வைக்கணும், சுவிட்சைப் போடணும்.

அவ்வளவுதான். பெட்டி மேலேயே அப்படித்தான் போட்டிருந்தான். ஒட்ட வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம், எடுத்து வெச்சா ஓடும்.

புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் மாடல் ரயில் பைத்தியம். பெங்களூர் காக்ஸ் டவுன்ல வாடகை வீடு, ரெண்டு பெட்ரூம். ஒண்ணுல நானும் என் சம்சாரம் கலாவும் படுக்கறோம். இன்னொண்ணுல மாரிகுப்பம் ஸ்டேஷன் இருக்கு.

பிளைவுட்லதான். நிஜ ஸ்டேஷனை எண்பத்தேழுல ஒரு பங்கா சுருக்கி நானே கட்டினது. பிளாட்பாரம், தண்ணி டேங்க், டீக்கடை, டீக்கடை வாசல்ல படுத்திருக்கிற நாய் வரைக்கும் இருக்கு. ரயில்தான் இல்ல.

நான் கோலார் தங்கவயல்காரன். பெங்களூர்ல வேலை கிடைச்ச நாள்லேருந்து கல்யாணம் வரைக்கும், விடியக்காலையில எங்க ஊர் ஸ்டேஷன் மாரிகுப்பத்துல வண்டி ஏறி, கன்டோன்மென்ட்ல இறங்கி, ஆபீஸ் போய்த் திரும்பினவன். பாதி நாள் நின்னுக்கிட்டேதான் வருவேன். அந்த வண்டியை இழுத்த டீசல் இன்ஜின் மேல எனக்கு ஒரு தனிப் பிரியம். உட்கார இடம் குடுக்காதவங்க மேலதான் நமக்குப் பிரியம் ஜாஸ்தியாகும் போல.

அந்த இன்ஜினோட மாடல் வரப்போகுதுன்னு ஒரு கம்பெனிக்காரன் அறிவிச்சு நாலு வருஷமாச்சு. முதல்ல அச்சு தயாராகுதுன்னான். அப்புறம் கலர் சரியா வரலன்னான். அப்புறம் கப்பல்ல இருக்குன்னான். எங்க ரயில் பைத்தியங்க குரூப்ல ஒருத்தருக்குக் கல்யாணமாகி, குழந்தை பொறந்து, அது ஸ்கூலுக்கே போக ஆரம்பிச்சிடுச்சு. கப்பல் மட்டும் கரைக்கு வரல.

இதுக்கு நடுவுல கலா வீட்டுல டியூஷன் ஆரம்பிச்சா. ஹால்ல பிள்ளைங்க சோபா மேல, சோபாவுக்குக் கீழ, சாப்பாட்டு மேஜைக்கு அடியிலன்னு உட்கார்ந்து பின்னக் கணக்கு போடுதுங்க. பக்கத்து ரூம்ல மாரிகுப்பம் ஆளில்லாம விசாலமா கிடக்குது.

போன வாரம் பார்சல் வந்துடுச்சு. கலா அதை என் கையில குடுத்துட்டு சொன்னா, "இங்க பாருங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த பொம்மை ஒரே ஒரு ரவுண்டு ஓடணும். நான் கண்ணால பார்க்கணும். ஓடினா ரூம் உங்களுது, நான் வாயே திறக்க மாட்டேன். ஓடலன்னா திங்கட்கிழமைலேருந்து அங்க என் பிள்ளைங்க உட்காரும்."

"பொம்மை இல்ல கலா, மாடல்."

"மாடல் ஓடணும்."

எவ்வளவு நியாயமான ஒப்பந்தம் பாருங்க. சுவிட்சைப் போட்டா ரூம் என்னுது. அன்னிக்கே போட்டிருந்தா இந்தக் கதையே இல்ல.

ஆனா ரயில் பைத்தியங்களுக்குள்ள ஒரு மரியாதை உண்டு. முதல் ஓட்டத்தைத் தனியா பார்க்கக் கூடாது. அதனால குரூப்ல ரெண்டு பேரைக் கூப்பிட்டேன். நீலசந்திராவுலேருந்து செல்வராஜ், ஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியார். ராஜாஜி நகர்லேருந்து மஞ்சுநாத், பேங்க்ல வேலை, கன்னடக்காரன், எங்களோட சேர்ந்து சேர்ந்து தமிழ் கத்துக்கிட்டவன்.

மூணு பேரும் சுத்தி நின்னு பெட்டியைத் திறந்தோம். உள்ள அதே இன்ஜின். அதே மூஞ்சி, அதே சிவப்புப் பட்டை, படிக்கட்டுல அதே வளைஞ்ச கம்பி. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வெட்கமெல்லாம் படல. செல்வராஜும் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிக்கிட்டாரு.

தண்டவாளத்துல வெச்சேன். சுவிட்சுல கை வெச்சேன்.

"நில்லு மோகன்," அப்படின்னாரு செல்வராஜ். "பூஜை?"

நான் முழிச்சேன். அவரு ஞாயித்துக்கிழமை காலையில சர்ச்சுக்குப் போயிட்டு நேரா வந்த மனுஷன். "நீங்களா கேக்கறீங்க?"

"இது சாமி விஷயம் இல்லப்பா, ரியலிசம். ஷெட்டுலேருந்து ஒரு இன்ஜின் பூஜை போடாம லைனுக்கு வந்து பார்த்திருக்கியா? நீ பிளாட்பாரத்துல நாய் வெச்சிருக்க. பூஜையை விட்டா எப்படி?"

மஞ்சுநாத்தும் சேர்ந்துக்கிட்டான். "ஹௌது குரு, கரெக்ட். சக்கரத்துக்கு நிம்பே ஹண்ணு வெக்கலன்னா எப்படி? எலுமிச்சம்பழம் தான் முக்கியம்."

எங்க ஊர்ல சைக்கிள் வாங்கினாலே சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கறவங்க நாங்க. எனக்கும் மனசுக்குள்ள அதுதானே முறைன்னு பட்டுது. ஃபிரிட்ஜுலேருந்து ஒரு பழம் எடுத்துட்டு வந்தேன். இன்ஜின் பக்கத்துல வெச்சுப் பார்த்தா, பழம் இன்ஜினை விட உசரமா நிக்குது. ஊருக்குள்ள பாறாங்கல் உருண்டு வந்த மாதிரி இருக்கு.

"ஸ்கேல் வேணும்," அப்படின்னாரு செல்வராஜ்.

அப்புறம் ஆரம்பிச்சது ஆராய்ச்சி. எலுமிச்சம்பழத்தை எண்பத்தேழால வகுத்தோம். மஞ்சுநாத் கடுகு போதும்னான். செல்வராஜ் அளவுகோல் வெச்சுப் பார்த்துட்டு, "கடுகு சாத்துக்குடி சைஸ்ல இருக்கு," அப்படின்னு தள்ளிட்டாரு. கேழ்வரகும் தோத்துப் போச்சு. கடைசியில மூணு பேரும் ஒருமனதா வந்து நின்ன இடம், கசகசா.

சமையலறைக்குப் போனேன். "கலா, கசகசா இருக்கா?"

"தீர்ந்துடுச்சு. ஏன், குருமா பண்ணப் போறீங்களா?"

"இல்ல, இன்ஜினுக்கு."

அவ திரும்பி அடுப்பைப் பார்த்துக்கிட்டா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எதைக் கேக்கணும், எதைக் கேக்கக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியும்.

தெருமுனை மளிகைக் கடைக்கு ஓடினேன். ஞாயித்துக்கிழமை, கறி எடுத்தவங்க எல்லாம் மசாலாவுக்கு நிக்கிற நேரம். என் முறை வந்துச்சு.

"கசகசா வேணும்ணா."

"எவ்வளவு?"

நான் யோசிக்காம உண்மையைச் சொல்லிட்டேன். "பன்னிரண்டு."

"பன்னிரண்டு கிராமா? அப்படி வராது சார்."

"கிராம் இல்லண்ணா. பன்னிரண்டு கசகசா. பன்னிரண்டு சக்கரம் இருக்கு."

கடைக்காரர் என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பார்த்தாரு. "சார், எண்ணிக் குடுக்கறதுன்னா முட்டை மட்டும்தான்," அப்படின்னு சொல்லி ஒரு பாக்கெட்டைத் தூக்கி வெச்சாரு. பின்னாடி நின்ன அம்மா, பாவம், ரெண்டடி நகர்ந்து எனக்கு வழி விட்டாங்க.

வீட்டுக்கு வந்தா பூஜை ஏற்பாடு தடபுடலா நடக்குது. வாழை மரத்துக்குக் கொத்தமல்லித் தண்டு ரெண்டு பக்கமும் நட்டிருந்தாங்க. பூசணிக்காய்க்கு ஒரு மிளகு, அதோட தலையில குங்குமம். மாலைக்குக் கலாவோட தையல் பெட்டியிலேருந்து மஞ்சள் நூல். நான் குழைச்ச சந்தனத்தைப் பல் குத்தற குச்சியால தொட்டு, முகப்பு விளக்குக்கு மேல பொட்டு வெச்சேன். மஞ்சுநாத் ஒரு சிட்டிகை குங்குமத்தை அதுக்கு மேல தூவினான். சிட்டிகைக்கும் ஸ்கேல் உண்டுன்னு அப்போ யாருக்கும் தோணல. பாதி பொட்டுல ஒட்டுச்சு, பாதி இன்ஜினோட காத்து ஓட்டை வழியா உள்ள போயிடுச்சு.

கற்பூரம் மட்டும் வேண்டாம்னு முடிவு பண்ணோம். பிளாஸ்டிக் உருகிடுமே. அந்த ஒரு விஷயத்துல நாங்க எவ்வளவு ஜாக்கிரதை பார்த்தீங்களான்னு ஒருத்தரை ஒருத்தர் பாராட்டிக்கிட்டோம்.

கடைசியா எலுமிச்சம்பழம். செல்வராஜ் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு, புருவம் திருத்தற இடுக்கியால ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாடியும் ஒரு கசகசாவா வெச்சாரு. ஏழாவதுல தும்மிட்டாரு. எல்லாம் பறந்துடுச்சு. மறுபடி முதல்லேருந்து வெச்சாரு. ரெண்டாவது தடவை சக்கரத்துக்கு அடியில நிக்க மாட்டேங்குதுன்னு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் வேற.

சயின்ஸ் வாத்தியார் அவரு, அதை ஞாபகம் வெச்சுக்கோங்க. தண்டவாளத்துல மின்சாரம் போய்த்தான் வண்டி ஓடணும். அதுல எண்ணெய் வைக்கிறாரு. நானும் பக்கத்துல நின்னு, "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்," அப்படின்னு எடுத்துக் குடுக்கறேன்.

கலாவைக் கூப்பிட்டேன். கரண்டியோட வந்து வாசப்படியில நின்னா. கொத்தமல்லித் தண்டைப் பார்த்தா, மிளகைப் பார்த்தா, எங்களைப் பார்த்தா.

"போடுங்க," அப்படின்னா.

மஞ்சுநாத் மிளகைச் சுத்தி, தரையில போட்டு மிதிச்சான். நான் சுவிட்சைப் போட்டேன்.

வண்டி கிளம்புச்சு. சத்தியமா கிளம்புச்சு. விளக்கு எரிஞ்சுது, ஹாரன் அடிச்சுது. பன்னிரண்டு எலுமிச்சம்பழமும் ஒரே நேரத்துல நசுங்கிச்சு.

ஒரு ஜாண் போயிருக்கும். எண்ணெய்ல சக்கரம் வழுக்கி, நின்ன இடத்துலேயே சுத்துச்சு. அந்த ஆட்டத்துல முன்னாடி போட்ட மாலை நழுவி சக்கரத்துல மாட்டி, உள்ள இழுத்துக்கிச்சு. மிக்சியில ஊறாத பருப்பைப் போட்ட மாதிரி ஒரு சத்தம். விளக்கு மினுக்கு மினுக்குன்னுச்சு. வண்டி நின்னுடுச்சு.

அப்புறம் லேசா ஒரு வாசனை.

"குருமா வாசனை வருதே," அப்படின்னா கலா. "அடுப்புல நான் ரசம்தானே வெச்சிருக்கேன்?"

அடியில மோட்டார் சூடாகி, கசகசா எண்ணெய்ல வறுபட்டுக்கிட்டிருந்துச்சு.

பாய்ஞ்சு சுவிட்சை அணைச்சேன். இன்ஜினைத் திருப்பிப் பார்த்தோம். பல்சக்கரத்துல குங்குமம், அதுக்கு மேல கசகசா விழுது, அதைச் சுத்தி மஞ்சள் நூல். அரைச்சு எடுத்தா நாலு பேருக்குக் குழம்பு வைக்கலாம். நாலு வருஷம் காத்திருந்ததை நாலு நிமிஷத்துல நானே கெடுத்துட்டேன்.

பெட்டிக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு கிடந்துச்சு. தூசி, எண்ணெய், நூல் படாம பார்த்துக்கவும்னு போட்டிருந்தான். எங்க பூஜைத் தட்டை நேர்ல பார்த்துட்டு எழுதின மாதிரி இருந்துச்சு.

கம்பெனிக்காரனுக்கு அப்பவே மெசேஜ் போட்டேன். உள்ள என்ன போச்சுன்னு கேட்டான். கசகசான்னு எழுதினேன். அப்புறம், புது மோட்டார் அடுத்த கப்பல்ல வரும்னு எழுதினான்.

கலா கரண்டியை ஆட்டிக்கிட்டு நிக்கறா. செல்வராஜ் மெதுவா, "சிஸ்டர், தப்பு எங்க மேலதான். இன்னொரு வாரம் டைம் குடுத்தா..."

"ஏன் சார், ஒரு சந்தேகம்," அப்படின்னா கலா. "ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டிட்டு, அப்புறமா பூஜை போட்டிருக்கக் கூடாதா?"

இந்த யோசனை எங்க மூணு பேர்ல ஒருத்தருக்கும் வரல.

மஞ்சுநாத் விட மாட்டேன்னுட்டான். "அக்கா, சும்மா நிக்கல அக்கா. ஒரு ஜாண் ஓடிச்சு. ஸ்கேல் போட்டு பாருங்க, நிஜத்துல அது கிட்டத்தட்ட ஒரு முழு ரயில் பெட்டி நீளம்."

கலா குனிஞ்சு வண்டி ஓடின தூரத்தைக் கண்ணால அளந்தா. கணக்கு டீச்சர் இல்லையா.

"சரி தம்பி. ஓடின தூரத்துக்கு நான் இல்லேன்னு சொல்லல. அந்த ரூம்ல ஒரு ஜாண் அவரே வெச்சுக்கட்டும். மிச்சம் என் பிள்ளைங்களுக்கு."

இன்னிக்குத் திங்கட்கிழமை. மாரிகுப்பம் ஸ்டேஷன் நாலு துண்டா கட்டில் அடியில இருக்கு. இன்ஜினுக்கு ஜன்னலோரம் ஒரு பலகை அடிச்சுக் குடுத்திருக்கா, அளந்து ஒரு ஜாண்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு டியூஷன் ஆரம்பம்னு சொல்லியிருந்தா, சரியா அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சிடுச்சு. நாலு வருஷத்துல அந்த ரூம்ல சொன்ன நேரத்துக்குக் கிளம்பின முதல் வண்டி அதுதான்.