பச்சைப் பட்டை சுவாமி

"உங்களுக்குச் சத்தம் போட வருமா, டாக்டர்?"

மூன்று மாதங்களுக்கு முன், நேர்காணலில், மருத்துவ இயக்குநர் சுபலட்சுமி மாதுரியைப் பார்த்து இப்படித்தான் கேட்டார்.

"வரும், மேடம்" என்றாள் மாதுரி.

"என்ன சொன்னீங்க?"

"வரும்னு சொன்னேன், மேடம்."

"கேக்கல. சரி விடுங்க, பார்ப்போம்."

அந்தப் 'பார்ப்போம்' இன்றைக்கு வந்து நின்றது. திருச்சியில் மூன்று கிளைகள் உள்ள அந்தத் தனியார் மருத்துவமனையில், மூன்று எமர்ஜென்சிக்கும் சேர்த்து ஒரே தலைமை மருத்துவரைப் போடப் போகிறார்கள். ஸ்ரீரங்கம் கிளையைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டிருந்த மாதுரி ஒரு பக்கம். கே.கே. நகர் கிளை டாக்டர் பிரஹலாத் மறுபக்கம். பிரஹலாத் "ட்ரிப்ஸ்!" என்று ஒரு குரல் கொடுத்தால் கேன்டீனில் டீ ஆற்றுகிறவரின் கை அந்தரத்தில் நிற்கும். மாதுரி அடுத்த கட்டிலிலிருந்து சொன்னாலே, "என்ன மேடம்?" என்று நர்ஸ் பானுப்ரியா காதைக் கொண்டுவருவாள்.

தன் குரல் எட்டாது என்று தெரிந்துதான் மாதுரி ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்திருந்தாள். எமர்ஜென்சிக்குள் யாராவது தரையில் விழுந்தால், முதலில் பார்க்கிறவர் "நீலம்!" என்று கத்த வேண்டும். டாக்டர்தான் கத்த வேண்டும் என்றில்லை. செக்யூரிட்டி கத்தலாம், துப்புரவு அம்மா கத்தலாம். கத்தியதும் ஸ்ட்ரெச்சரோடு ஒரு குழு ஓடி வரும். முதலில் சத்தம், அப்புறம்தான் யோசனை. எல்லோருக்கும் இதை அவள் மெல்லிய குரலில் பல முறை சொல்லிக் கொடுத்திருந்தாள்.

பதினோரு மணிக்கு சுபலட்சுமி நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். புரட்டாசி சனிக்கிழமை. ஊரே நாமமும் துளசியுமாக ஸ்ரீரங்கத்துக்குள் இறங்கியிருந்தது.

ஒன்பதரை மணிக்கு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சேக் மைதீன். பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றி நிறைய நாமம், மார்பு வரை வெள்ளைத் தாடி. இரண்டு கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"பேரு?" என்றாள் பானுப்ரியா.

"வரதுங்க, நர்சம்மா. நம்ம கூட்டாளி. பொன்மலை ஒர்க்‌ஷாப்புல ஒண்ணா வேலை பார்த்து ரிட்டயர் ஆனோம்" என்றார் சேக் மைதீன்.

"அவரைச் சொல்லச் சொல்லுங்க."

வரது வாயைத் திறக்காமல் வலது கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டினார்.

"பேச முடியலம்மா. காலையில நம்ம வீட்டுக்குப் பசியாற வந்தாப்ல. சாப்பிடும்போது தொண்டையில என்னமோ குத்திடுச்சு."

"என்ன சாப்பிட்டார்?"

சேக் மைதீன் தரையைப் பார்த்தார். "இட்லிங்க."

"இட்லி குத்துமா?"

"நம்ம வீட்டுக்காரி நஜ்முன்னிசா சுட்டா மல்லிகைப்பூ மாதிரி இருக்கும். அதான் எனக்கும் ஒண்ணும் புரியல."

"வீடு ஸ்ரீரங்கமா?"

"காட்டூருங்க."

"காட்டூர்லயே நம்ம பிராஞ்ச் இருக்கே! ஆத்தைத் தாண்டி எதுக்கு வந்தீங்க?"

"ராசியான டாக்டரம்மா இங்க இருக்காங்கன்னு சொன்னாங்க" என்றார் சேக் மைதீன், மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டே.

மூச்சு சீராக இருந்தது. ரத்த அழுத்தம் சரி. பானுப்ரியா வரதுவின் கையில் பச்சைப் பட்டையைக் கட்டினாள். பச்சை என்றால் உயிருக்கு ஆபத்தில்லை, காத்திருக்கலாம் என்று பொருள். வாசலுக்கு நேர் எதிரே இருந்த கட்டிலில் அவரைச் சம்மணமிட்டு உட்கார வைத்தாள். மாதுரி அந்நேரம் நெஞ்சுவலிக்காரர் ஒருவரைக் கவனித்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்று சொன்னாள். அது யார் காதிலும் விழவில்லை.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

சேக் மைதீனின் கையிலிருந்த ஸ்கூட்டர் சாவி நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. பெரியவர் குனிந்து பார்த்தார், எட்டவில்லை. மண்டியிட்டார், அப்போதும் எட்டவில்லை. கடைசியில் தரையில் நெடுக்காகக் குப்புறப் படுத்து இரண்டு கைகளையும் கட்டிலுக்கு அடியில் நீட்டினார். "சாவி கிடக்கட்டும், டாக்டரைக் கூப்பிடு" என்பதற்காக வரது மேலே இருந்தபடி உள்ளங்கையைக் காட்டினார்.

சரியாக அந்த நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார் செக்யூரிட்டி வெள்ளையம்மாள்.

நாமம், தாடி, தாரை தாரையாகக் கண்ணீர், உயர்த்திய கை. எதிரே தொப்பி போட்ட பாய் ஒருவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்கிறார்.

"பெருமாளே! ஒரு பாயே விழுந்து சேவிக்கிறாருன்னா, இவர் எப்பேர்ப்பட்ட மகான்!"

வெள்ளையம்மாள் செருப்பை வாசலில் உதறிவிட்டு, யூனிபாரத்தோடு தரையில் விழுந்தார்.

பானுப்ரியா திரும்பினாள். செக்யூரிட்டி அம்மா தரையில் கிடக்கிறார்!

"நீலம்!"

குழு பறந்து வந்தது. ஒருவர் காலைப் பிடித்தார், ஒருவர் தோளைப் பிடித்தார். "விடுங்கடா, நான் சாமி கும்பிடறேன்!" என்று வெள்ளையம்மாள் அலற அலற, ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். மாதுரி நாடி பிடித்துப் பார்த்து இறக்கிவிட்டாள். இறங்கிய வெள்ளையம்மாள் இரண்டு அடி நடந்து அப்படியே நின்றார்.

"என் முட்டி வலியைக் காணோம்!"

"அவங்க காலைப் பிடிச்சு இழுத்ததுல பிடிப்பு விட்டிருக்கும்" என்றாள் மாதுரி. யாருக்குக் கேட்டது?

வெளியே காத்திருந்தவர்களுக்கு முட்டி வலி போன செய்தி மட்டும் கேட்டது. முதலில் ஒரு பெண்மணி வந்து விழுந்தார். "நீலம்!" அவருடைய கணவர் விழுந்தார். "நீலம்!" கை கட்டுப் பிரிக்க வந்த ஆள், கட்டோடு விழுந்தார். "நீலம்! நீலம்!" மாதுரி தொண்டை பார்க்க டார்ச்சை எடுக்கும்போதெல்லாம் ஒரு நீலம் வந்தது. ஸ்ட்ரெச்சர் குழுவுக்கு நாக்குத் தள்ளியது.

"அய்யோ, நான் சாவிதாங்க எடுத்தேன்!" என்று சேக் மைதீன் எல்லோரிடமும் கைகூப்பினார்.

"என்ன ஒரு அடக்கம் பாருங்க இந்தப் பாய்க்கு" என்றது கூட்டம்.

"பானு, அந்தக் கட்டிலைச் சுத்தித் திரை போட்டுடுங்க. கண்ணுல படாம இருந்தா கூட்டம் கலைஞ்சிடும்" என்றாள் மாதுரி.

ஸ்ரீரங்கத்தில் திரை போட்டால் என்ன ஆகும் என்று, காஞ்சிபுரத்துக்காரியான அவளாவது யோசித்திருக்க வேண்டும். கூட்டம் கலையவில்லை. திரை எப்போது திறக்கும் என்று இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. ரத்த அழுத்தம் பார்க்கப் பானுப்ரியா திரையைச் சரேலென்று விலக்கினாள்.

"கோவிந்தா! கோவிந்தா!"

வரது பதறிக் கையை உயர்த்தினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சரி, சக்கர நாற்காலியில வச்சு உள் ரூமுக்குக் கொண்டு போயிடுங்க" என்றாள் மாதுரி.

நாற்காலி நகர்ந்ததும் அது புறப்பாடாகிவிட்டது. யாரோ ஒருவர் பின்னால் ஓடிவந்து குடையைப் பிடித்தார். நடைபாதை முழுக்க ஆட்கள் மறித்ததால், நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தது. அதற்குள் வரதுவின் கழுத்தில் ஒரு துளசி மாலை ஏறியிருந்தது. பக்கத்திலிருந்த குடிநீர் பாட்டிலை வெள்ளையம்மாள் தூக்கிக்கொண்டு, நீட்டிய கைகளிலெல்லாம் தீர்த்தம் விட்டுக்கொண்டிருந்தார்.

"வெள்ளையம்மா, அது பேஷன்ட் தண்ணி!"

"தெரியும் டாக்டர், உங்களுக்கும் தரேன். நெருக்காதீங்க."

"முதல்ல இவங்களை வரிசையில நிக்க வைங்க. வழியாவது கிடைக்கும்."

அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. வரிசையைப் பார்த்தால் போதும், தெருவில் போகிறவர்களும் வந்து நின்றார்கள். எதற்கென்று தெரியாமலே நின்றார்கள். எமர்ஜென்சியின் கண்ணாடிக் கதவோரம் செருப்பு மலைபோல் குவிந்தது.

மணி பத்தே முக்கால் ஆனது. ஸ்ட்ரெச்சர் குழுவினர் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்கள். மாதுரி டார்ச்சைப் பையில் போட்டாள். "சரி, இனிமே யாராவது விழுந்தா நீலம் சொல்ல வேண்டாம்" என்றாள். முதல் முறையாக அவள் சொன்னது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

அப்போது சுபலட்சுமி உள்ளே வந்தார்.

செருப்பு மலையைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். குடையைப் பார்த்தார்.

"டாக்டர் மாதுரி, இது எமர்ஜென்சிதானே?"

"ஆமா, மேடம்."

"என்ன?"

"ஆமாங்க."

"நான் கே.கே. நகருக்குப் போயிட்டு நேரா இங்க வரேன். பிரஹலாத் ஒரு அதட்டல் போட்டார், காரிடார் காலியாச்சு. இங்க தீர்த்தம் குடுக்கறாங்க. நான் என்ன எழுதறது?"

மாதுரி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வரிசையின் நடுவில் ஒருவர் தொப்பென்று குப்புற விழுந்தார். ஆட்டோக்காரர் பிச்சமுத்து.

யாரும் அசையவில்லை. நீலம் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாரே. பானுப்ரியா அவரைத் தாண்டிப் போனாள்.

"முறை வர்றதுக்கு முன்னாடியே விழுந்துட்டாரே, என்ன பக்தி!" என்றார் பின்னால் நின்றவர். "எழுந்திருக்கவே மனசு வரல பாருங்க."

மாதுரியின் கண் பிச்சமுத்துவின் காலுக்குப் போனது. இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. காலையிலிருந்து இங்கே விழுந்த ஒருவர்கூடச் செருப்போடு விழவில்லை. இந்த ஊரில் எவரும் செருப்போடு சேவிக்க மாட்டார்கள்.

"நீலம்!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. தெருவில் பூக்காரம்மா எழுந்து நின்றார். மாதுரிக்கே, தனக்குப் பின்னால் யாரோ கத்தியது போலிருந்தது.

"எல்லாரும் சுவரோரம் போங்க! கால்ல செருப்பு இருக்கு, இவர் சேவிக்க விழல! பானு, சுகர் பாரு! குளுக்கோஸ் எடு! குடையை மடிங்கய்யா!"

வரிசை சுவரோடு ஒட்டிக்கொண்டது. பிச்சமுத்து கட்டிலுக்குப் போனார். காலையில் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை விரதம் என்று ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏறியதும் கண்ணைத் திறந்தார்.

"சாமி தரிசனம் ஆயிடுச்சா?" என்றார்.

"உனக்கு மறு தரிசனமே ஆயிடுச்சு, படு" என்றாள் பானுப்ரியா.

சுபலட்சுமி மாதுரியின் பக்கம் திரும்பினார்.

"சத்தம் வருது."

"வந்துடுச்சு, மேடம்" என்றாள் மாதுரி. அதுவும் நன்றாகவே கேட்டது.

"செருப்பைப் பார்த்துக் கண்டுபிடிச்சீங்களே, அது பிரஹலாதுக்குத் தோணியிருக்காது. ஆனா கூட்டத்தைக் கலைக்கறது அவருக்குத்தான் வரும். ரெண்டும் சரிசமமா இருக்கு. என்ன பண்றதுன்னே தெரியல." சுபலட்சுமி ஓரக்கண்ணால் கட்டிலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "யாரு அவர்?"

"மேடம், அவர் பொன்மலை..."

"மலையிலேர்ந்தா வந்திருக்கார்? எங்க அம்மாவும் சனிக்கிழமை தவறாம பெருமாளைச் சேவிப்பாங்க."

மாதுரி தடுப்பதற்குள் இயக்குநர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலுக்கு முன் போய் நின்றுவிட்டார்.

"சுவாமி, ஒரு பொறுப்பை யார் கையில குடுக்கறதுன்னு குழப்பமா இருக்கு. நீங்கதான் காட்டணும்."

வரது கலங்கிய கண்களோடு அவரைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை நேராக மாதுரியை நோக்கி நீட்டினார். ஒரு முறை போதாதென்று மூன்று முறை குத்திக் குத்திக் காட்டினார்.

சுபலட்சுமிக்கு உடம்பு சிலிர்த்தது. "வாழ்த்துகள், டாக்டர். மூணு எமர்ஜென்சியும் இனி உங்க பொறுப்பு."

"கோவிந்தா!" என்றது வரிசை.

மாதுரிக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. தலைமை மருத்துவராக அவள் செய்த முதல் வேலை, திரையை இழுத்து மூடிவிட்டு டார்ச்சை எடுத்ததுதான். உள்ளே வரதுவும் சேக் மைதீனும் அவளும் மட்டும் இருந்தார்கள்.

"வாயை நல்லாத் திறங்க. நாக்கை நீட்டுங்க."

தொண்டையின் வலப்பக்கச் சதையில் வெள்ளையாக ஏதோ மின்னியது. நீள இடுக்கியை விட்டுப் பிடித்து, லேசாக இழுத்தாள். வந்துவிட்டது. வரது நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார்.

மாதுரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊசிபோல நீளமாக, நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. வந்த புதுக் குரலை அவளால் அடக்க முடியவில்லை.

"என்னங்க இது? இட்லியில எப்படிங்க..."

சேக் மைதீன் பாய்ந்து வந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"சத்தம் போடாதீங்க டாக்டரம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! காட்டூர் ஆஸ்பத்திரியில இவன் மச்சினி நர்சா இருக்கான்னுதான் ஆத்தைத் தாண்டி ஓடியாந்தோம். புரட்டாசி பூரா விரதம்னு பொண்டாட்டி மரகதவல்லிகிட்ட சத்தியம் பண்ணிட்டு, சனிக்கிழமை தவறாம நம்ம வீட்டுல வந்து இவன் திங்கிறது கெண்டை மீனு!"

திரை திறந்தது. வரதுவுக்கு இப்போது நன்றாகவே பேச வரும். ஆனால் வாயைத் திறந்தால் வாசனை வரும். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, துளசி மாலையோடு கட்டிலிலிருந்து இறங்கி, வலது கையை உயர்த்தியபடி, இரண்டு பக்கமும் விழுந்து எழுந்தவர்களின் நடுவே நடந்து, இயக்குநர் ஓடிப்போய்த் திறந்துவிட்ட கண்ணாடிக் கதவைத் தாண்டி, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிப் போய்விட்டார்.