போச்சு பாய் கை வச்ச மோட்டார்கள்

மோட்டார் ரிப்பேர் பண்றவங்க ஊருக்குப் பத்துப் பேர் இருப்பாங்க. நல்லா ஓடிக்கினு இருக்கிற மோட்டார் முன்னாடி நின்னு துக்கம் விசாரிக்கிற ஆளு இந்தப் பூமியிலேயே ஒருத்தர்தான். எங்க போச்சு பாய்.

புதுப்பட்டினத்துல மீன்பிடி படகுங்களுக்கு ஐஸ் போடுற ஃபேக்டரி. நான் சூப்பர்வைசர், பாய் எலக்ட்ரீஷியன். காலையில வந்ததும் ஒவ்வொரு மோட்டார் மேலயும் உள்ளங்கையை வைப்பார். ஸ்க்ரூ டிரைவர் முனையை பேரிங் பக்கம் ஊனி, பிடியைக் காதுல அழுத்திக்கினு கண்ணை மூடுவார். அப்புறம் ஒரு பெருமூச்சு.

"போச்சு சார்."

மொத நாள் எனக்கு வெலவெலத்துப் போச்சு. "இன்னா போச்சு?"

"எல்லாந்தான். உப்புக் காத்து உள்ள பூந்து தின்னுடுச்சு. தேறாது."

சொல்லிட்டு, அந்தத் தேறாத மோட்டாருக்குக் கிரீஸ் வச்சு, குழந்தையைத் துவட்டுற மாதிரி துடைச்சுவுடுவார். அது பாட்டுக்கு வருஷக்கணக்கா ஓடும்.

ஆயுத பூஜை அன்னிக்கு மொதலாளி மோட்டாருக்குப் பொட்டு வச்சு, கற்பூரம் காட்டிக்கினு இருக்காரு. பாய் வந்து கையை வச்சாரு. "போச்சு மொதலாளி." மொதலாளியம்மா கையில இருந்த சுண்டல் தட்டு கீழ வுழுந்துச்சு. கேளம்பாக்கத்துல என் மச்சான் ஃபிளாட்டுல தண்ணி மோட்டார் நின்னுபோய், நான்தான் புத்தி கெட்டு இவரைக் கூட்டிக்கினு போனேன். "போச்சு"ன்னு ஒரு வார்த்தைதான். செக்ரட்டரி தண்ணி லாரிக்கு ஃபோன் போட்டுட்டாரு. லாரி வந்து நிக்குது, மோட்டாரும் ஓடுது! லூஸா இருந்த ஒரு வயரை முடுக்கிட்டு பாய் டீ குடிக்கப் போயிட்டாரு. மச்சான் இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்லை.

"யோவ் பாய், நல்ல வார்த்தையே வாயில வராதாய்யா?"

"நல்லா ஓடுதுன்னா கண்ணு பட்டுடும் சார். போச்சுன்னு சொல்லிப் பாரு, ரோஷத்துல ஓடும்."

இந்த ஆளோட நான் குப்பை கொட்டினேன்.

மீன்பிடித் தடை முடிஞ்சு, படகெல்லாம் மொத தடவை கடலுக்குப் போயி, கரைக்குத் திரும்புற அன்னிக்குக் காலையில, பெரிய கம்ப்ரஸர் மோட்டார் மேல பாய் கையை வச்சாரு. எடுக்கவே இல்லை. அப்புறம் மெதுவா தடவிக் குடுத்தாரு.

"நல்லா கீது சார்."

எனக்குத் தலைகால் புரியலை. அவருக்கு டீயும் சமோசாவும் நானே வாங்கியாந்தேன். அவர் சமோசாவைக் கடிக்கக்கூட இல்லை, குபுகுபுன்னு புகை. மோட்டார் எரிஞ்சுபோச்சு. ஐஸ் இல்லை. கரையில மீனெல்லாம் நாறி, கருவாட்டுக்குக் கூட ஆவலை. மீன்காரம்மாங்க மண்ணை வாரித் தூத்தினது என்னை!

சட்டையைப் பிடிச்சேன். "நல்லா கீதுன்னியே, பாவி!"

"காலையிலேயே உள்ள காயில் கம்பி கருகுற வாடை வந்துடுச்சு சார். நிறுத்தினாலும் போவும், ஓட்டினாலும் போவும். மவுத்தாவப் போறதுகிட்ட போய் போச்சுன்னு எப்புடி சார் சொல்றது? மனசு வுட்டுடாதா?" அவர் கண்ணு கலங்கியிருந்துச்சு. நான் கையை எடுத்துட்டேன்.

போன வாரம் பாயைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்கன்னு அவர் பொண்ணு ஃபோன் பண்ணுச்சு. விழுந்தடிச்சு ஓடினேன். மூக்குல குழாய். வத்தலா கிடந்தாரு.

"எப்புடி பாய் இருக்கே?"

பக்கத்துல நிக்கிற பொண்ணைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. சிரிச்சாரு.

"நல்லா கீறேன் சார்."

அந்தாளு வாயில அந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்னு அந்த வார்டுல எனக்கு மட்டுந்தானே தெரியும்! இல்லை பாய், இதை நான் ஒத்துக்க மாட்டேன். குனிஞ்சு அவர் நெத்தியில உள்ளங்கையை வச்சேன். வார்டே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினேன்.

"போச்சு பாய்! எல்லாம் போச்சு! நீ தேற மாட்டே!"

நர்ஸம்மா ஓடியாந்தாங்க. "இன்னா சார், பேஷண்ட்கிட்ட போய் இப்படியா பேசுவாங்க?"

"நீ சும்மா இரும்மா," நெத்தியில வச்ச கையை எடுக்காமலே சொன்னேன். "இப்படிச் சொன்ன மோட்டாரெல்லாம் இன்னும் ஓடிக்கினு கீது."